கண்மாய்க்கு முதல் செலவு எதற்கு: தூரா, வரத்துக்காலா, மடையா? (பழைய ராமநாதபுரம் மாவட்டம்)

ஏந்தல்வாசி

சிவகங்கை – ராமநாதபுரம் எல்லையில் ஒரு மானாவாரிக் கண்மாய் (மழை வெள்ளத்தை நம்பிய ஏரி). புரவு (கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்) 90 ஏக்கர், அதனால் ஊராட்சி ஒன்றியக் கணக்கில் இருக்கிறது. நிறைந்தால் நீர் நிற்கும் பரப்பு சுமார் 60 ஏக்கர், சராசரி ஆழம் 4 அடி. மூன்று மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய்), ஒரு கலுங்கு (நிறைந்த தண்ணீர் வழியும் இடம்). கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஜமீன் காலத்துக் கண்மாய். கரையிலும் உள்வாயிலும் (கண்மாயின் உட்பரப்பு) சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. நடு மடை மூடினாலும் ஒழுகுகிறது. ஊர்ப்பொதுவில் இருக்கும் பணம் எல்லா வேலைக்கும் போதாது. ஊரில் முக்கால்வாசிப் பேர் "முதலில் தூர் வாரு" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வரிசை சொல்லுங்கள். காரணத்தோடு சொன்னால் ஊர்க்கூட்டத்தில் எடுத்துவைக்க வசதி.

மட்டப்பலகை

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் ஐயா.

60 ஏக்கரில் 4 அடி என்றால் 240 ஏக்கர்-அடி. ஒரு ஏக்கர்-அடி 43,560 கன அடி. ஆக உங்கள் கண்மாய் ஏறத்தாழ 10.5 மில்லியன் கன அடி பிடிக்கும். மழை போக, நெல்லுக்குக் கண்மாயிலிருந்து ஏக்கருக்கு 3 அடி தண்ணீர் தேவை என்று வையுங்கள்.

தூர் வாரினால் என்ன கிடைக்கும்? உள்வாயில் 10 ஏக்கரை ஒரு அடி ஆழம் வெட்டினால் கூடுதலாகக் கிடைப்பது 10 ஏக்கர்-அடி. அதாவது மூன்று ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர். அதற்கு எடுக்கவேண்டிய மண் 4,35,600 கன அடி. 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் 4,356 டிராக்டர் லோடு.

இப்போது வரத்துக்காலைப் பாருங்கள். அடி அகலம் 6 அடி, நீர் ஆழம் 2 அடி, வேகம் நொடிக்கு ஒன்றரை அடி என்றால் 18 கன அடி ஓடும். ஒரு நாளைக்கு 15 லட்சம் கன அடிக்கு மேல். ஏழு நாள் இப்படி ஓடினால் கண்மாய் நிறைந்துவிடும். அதே கால்வாயில் ஒரு அடி மண் மேடிட்டால் பாதித் தண்ணீர் ஓடும் என்று நினைப்போம். அது தப்பு. ஆழம் குறைந்தால் வேகமும் குறையும், கிடைப்பது ஆறரை கன அடிதான். அதற்குள் கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும் நின்றால் அதிலும் பாதி. 18 ஓடின இடத்தில் மூன்றே கால். அந்தக் கணக்கில் கண்மாய் நிறைய ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும். நம் பக்கம் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை, பாதிக்கு மேல் அக்டோபர் – டிசம்பரில், அதுவும் நாலைந்து புயல் மழையில் கொட்டிவிடும். ஓடையில் வெள்ளம் ஒரு மாதமா ஓடப்போகிறது?

முதல் செலவு வரத்துக்கால். இரண்டாவது மடை. தூர் கடைசி.

கரம்பை

அண்ணே, கணக்கு சரி. ஆனா தூர் வாரினா தண்ணி மட்டுந்தான் லாபமா? அந்த வண்டல் மண்ணை மறந்துட்டீங்களே. எங்க பக்கம் கரம்பை மண்ணுன்னு சொன்னா நகை மாதிரி. செம்மண், சரளைக் காட்டுல ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கரம்பை அடிச்சா மிளகாச் செடி ஒரு மழை கூடத் தாங்கும். மணல் பாங்கான நிலத்துல தண்ணி நிக்கும்.

அளவும் இருக்கு. 2017-ல வந்த விதிப்படி விவசாயத்துக்கு இலவசமா எடுக்கலாம்: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர். ஒரு டிரெய்லர் 3 கன மீட்டர்னு வச்சா 25 லோடு, 30 லோடு. சொந்த வீட்டு உபயோகத்துக்கு 30, மண்பாண்டத் தொழிலாளிக்கு 60. 2024-லருந்து தாசில்தாரே அனுமதி குடுக்கலாம். 75 கன மீட்டரை ஒரு ஏக்கர்ல பரப்பினா முக்கால் இஞ்ச் கனந்தான் வரும். அதுக்கு மேல அடிக்கிறது தேவையும் இல்ல.

எது நல்ல கரம்பை, எது ஆகாதுன்னு பாத்து எடுக்கணும். வெட்டின கட்டி வெயில்ல ரெண்டு நாள் கிடந்தா தானா வெடிச்சுப் பொரியணும், கையில பொடிச்சா மாவு மாதிரி இருக்கணும். வெள்ளைப் பூத்திருந்தா உவர், தொடாதீங்க. மஞ்சக் களி, சுண்ணாம்புக் கல் கலந்தது வந்தா கண்மாயோட பழைய தரைக்குப் போயிட்டீங்கன்னு அர்த்தம். அங்கேயே நிறுத்திரணும்.

மட்டப்பலகை

தம்பி சொல்வதை ஏற்கிறேன். மண் வேண்டுமென்று எடுங்கள், அது வயலுக்கான வேலை. தண்ணீருக்காக எடுக்கிறோம் என்று ஊர்ப் பணத்தைப் போடுவதுதான் வீண். மண் தேவைப்படுகிறவர் தன் செலவில் அள்ளினால் கண்மாய்க்குச் செலவே இல்லை.

எங்கே வெட்டுவது என்பதுதான் முக்கியம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளத்துத் தண்ணீர் வயலுக்குத் தானாகப் பாயாது. மாட்டுக்கு ஆகும், ஊற்றுக்கு ஆகும், மீனுக்கு ஆகும், அவ்வளவுதான். எல்லாரும் கரையடியில்தான் வெட்டுகிறார்கள், ஏனென்றால் லாரி நிறுத்த வசதி, வண்டல் கனமும் அங்கேதான் அதிகம். கரையடியை வெட்டினால் கரையின் கால் போய்விடும், உள்சரிவு வழுக்கி இறங்கும். கரை 10 அடி உயரம் என்றால் 50 அடிக்குள் மண்வெட்டி போகக்கூடாது. மேட்டு உள்வாயில், மடை மட்டத்துக்கு மேலே இருக்கும் பரப்பில் சீராகச் செதுக்குவதுதான் பயன். பொக்கிலி பொக்கிலியாகக் குழி போட்டால் கடைசித் தண்ணீர் குழியில் தங்கி மடைக்கு வராது.

பட்டயம்

வரத்துக்கால் ஏன் இந்தக் கதிக்கு வந்தது என்பதற்கு வரலாறு உண்டு. அது தெரிந்தால் எந்தக் காகிதத்தைத் தேடவேண்டும் என்பதும் தெரியும்.

பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1910-ல் உருவாக்கப்பட்டது. 1985-ல்தான் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றாகப் பிரிந்தது. நிலத்தின் பெரும்பகுதி சேதுபதிகளின் ராமநாதபுரம் ஜமீனிலும் சிவகங்கை ஜமீனிலும் இருந்தது. 1801 – 1803-ல் கம்பெனி அவற்றை நிரந்தர ஜமீன் ஆக்கியது. இங்கே ஆறு நம்பிப் பயிர் வைக்கிற வழக்கம் இல்லை. ஓடுகிற தண்ணீரை மறித்து மறித்துக் கண்மாய். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போனால் (வழிந்தால்) கீழ்க் கண்மாய்க்கு வரத்து. வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிற்கிறது. ஊர்ப்பெயரில் பாதி ஏந்தல், குளம், ஊருணி என்றுதான் முடியும். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வது அத்தனை நீளக் கரை என்பதற்காக.

ஜமீன் காலத்தில் பல ஊர்களில் வரி பணமாக இல்லை, விளைச்சலில் வாரம். விளைந்தால்தான் ஜமீனுக்குப் பங்கு என்பதால் கண்மாயைப் பார்த்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. எல்லா ஜமீன்தாரும் பார்த்தார்கள் என்று சொல்லவில்லை, கடனில் மூழ்கிய காலத்தில் கரை உடைந்து கிடந்த கண்மாய்களும் ஏராளம். 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அவை அரசிடம் வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் புரவு உள்ளவை பொதுப்பணித்துறைக்கு (2021-லிருந்து நீர்வளத்துறை), கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. கோப்பில் இன்னும் "எக்ஸ்-ஜமீன் கண்மாய்" என்றே எழுதுவார்கள்.

இதில் ஒரு நுணுக்கம். ரயத்துவாரிப் பகுதிக் (உழவர் நேராக அரசுக்கு வரி கட்டிய பகுதி) கண்மாய்களுக்கு 1883-ல் தொடங்கிய கண்மாய்ச் சீரமைப்புத் திட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் "டேங்க் மெமாயர்" என்று ஒரு குறிப்பேடு எழுதிவைத்தார்கள்: கலுங்கு மட்டம், மடை அடிமட்டம், கரை உயரம், கலுங்கு நீளம், வரத்துப் பரப்பு, புரவு எல்லாம் அதில் இருக்கும். ஜமீன் கண்மாய்கள் அந்தத் திட்டத்துக்குள் அப்போது வரவில்லை. அதனால் ஏந்தல்வாசி போன்றவர்கள் ஒன்றிய அலுவலகத்தில் மெமாயர் கேட்டு அலைவதைவிட, ஜமீன் ஒழிப்புக்குப் பின் நடந்த நிலவரித் திட்டப் பதிவேடு, புலப்பட (நில அளவு வரைபடம்) நகல், கிராம வரைபடம் மூன்றையும் முதலில் வாங்கவேண்டும். வரத்துக்கால் எந்த சர்வே எண்ணில் "வாய்க்கால் புறம்போக்கு" என்று இருக்கிறது, எங்கே பட்டா நிலத்துக்குள் புகுந்து போகிறது என்பது அதில்தான் தெரியும். அகலமும் புலப்படத்தில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கால்வாயை நடந்து பாருங்கள். பத்து மீட்டர் புறம்போக்கு மூன்று மீட்டராகச் சுருங்கியிருப்பதை இந்தப் பக்கம் எங்கும் காணலாம்.

ஏந்தல்வாசி

வரைபடத்தில் கால்வாய் பக்கத்து ஊர் எல்லைக்குள் இருந்து தொடங்குகிறது. அவர்கள் ஊர் வழியாகத்தான் முதல் 600 மீட்டர். அங்கே யார் வெட்டுவது?

கடைமடை

அதுதான் பழைய குடிமராமத்தின் (ஊரே கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் முறை) சிக்கலான இடம். கரை, மடை, கால்வாய்ச் சில்லறை வேலை புரவுக்காரர் பொறுப்பு, வீட்டுக்கு ஒரு ஆள். 1858-ல் கட்டாய வேலைச் சட்டம் என்று ஒன்றைக்கூடக் கொண்டுவந்தார்கள். ஆள் அனுப்பாதவர் அந்தக் கூலியைப்போல் இரண்டு மடங்கு கட்டவேண்டும். ஆனால் கால்வாய் அடுத்த ஊருக்குள் ஓடும் இடத்தில் வெட்டப்போவதும் தண்ணீர் பயன்படுத்துகிற ஊர்தான். வெட்டிய மண்ணை இரு கரையில் எதில் போடுவது என்பதில்தான் சண்டை வரும். வழக்கம் என்னவென்றால், மண்ணைத் தாழ்ந்த பக்கக் கரையில் போடுவது. மேட்டுப் பக்கம் போட்டால் காட்டுத் தண்ணீர் கால்வாயில் விழாது, அந்த வயலில் தேங்கிப் பயிர் அழுகும், நிலத்துக்காரர் ராத்திரியில் கால்வாயை உடைப்பார். மேட்டுப் பக்கக் கரையில் 100 அடிக்கு ஒரு திறப்பு விட்டு, அதில் 9 இஞ்ச் குழாயாவது பதித்துக் கொடுத்துவிட்டால் அவரே கால்வாய்க்குக் காவல்.

2017-ல் அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது மதிப்பீட்டில் 10 சதவீதம் விவசாயிகள் பங்கு என்று வைத்தார்கள், உழைப்பாகவோ பொருளாகவோ தரலாம் என்று. பல இடத்தில் அந்தப் பத்து சதவீதம் காகிதத்தில் மட்டும் நின்றது. பெயர் பழையது, முறை ஒப்பந்த முறை. என் கருத்தில் குடிமராமத்தின் உயிர் வேலையில் இல்லை, வேலைக்கு வராதவனைக் கேட்கிற ஊர்க்கூட்டத்தில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே யாரும் நீர்க்கட்டியை, அதாவது ஊருக்காக மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சும் ஆளைப் பற்றிப் பேசவில்லை. கால்வாய், மடை, கலுங்கு எல்லாவற்றையும் சரிசெய்து, நீர்க்கட்டி இல்லாமல் விட்டால் மூன்றே வருஷத்தில் பழையபடி ஆகிவிடும்.

நீர்க்கட்டியின் வேலை இது: மழை தொடங்கியதும் கால்வாய்த் தலைப்பில் போய் அடைப்பை எடுப்பது. வெள்ளம் வரும் ராத்திரி கரையைச் சுற்றுவது. எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வது. வயலுக்கு வயல் அவரே பாய்ச்சுவது, நிலத்துக்காரர் மண்வெட்டியோடு வரக்கூடாது. தண்ணீர் குறைந்தால் முறை வைப்பது. புரவில் அவருக்கு நிலம் இல்லாதது அல்லது கடைசியில் இருப்பது ஒரு பாதுகாப்பு, தலைமடைக்காரன் தன் வயலை முதலில் நிரப்புவான். கூலி களத்தில் நெல்லாக, ஏக்கருக்கு இவ்வளவு மரக்கால் என்று. கடைமடை வரை விளைந்தால்தான் அவருக்கு முழுக்கூலி. இந்த ஒரு ஏற்பாடு போதும், யாரும் மேற்பார்வை பார்க்கத் தேவையில்லை.

நாற்றங்கால்

நல்ல ஏற்பாடு என்று எழுதுகிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறீர்கள். நீர்க்கட்டி வேலை இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் தலித் குடும்பங்களின் மேல் பரம்பரையாக விழுந்தது. கரையில் அவர் சொல் தீர்ப்பு. ஊருக்குள் அதே ஆள் தெருவில் எப்படி நடந்தார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். அதோடு சாவுச் சேதி சொல்வது, பறை அடிப்பது என்று கூலியில்லாத வேலைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. அடுத்த தலைமுறை வேண்டாம் என்று திருப்பூருக்கும் சென்னைக்கும் போனதில் எந்தத் தப்பும் இல்லை. "நீர்க்கட்டி போய்விட்டார்" என்று ஊர் வருந்துவதற்கு முன், கூலியை எப்போது கடைசியாக உயர்த்தியது என்று ஊர் பார்க்கட்டும்.

கடைமடை

ஏற்கிறேன் தோழர். பரம்பரை என்பதை எடுத்துவிட்டு வேலையை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். எந்தச் சாதியாக இருந்தாலும் விருப்பப்பட்டவரை, பருவத்துக்குப் பருவம், எழுத்தில் நியமிப்பது. புரட்டாசி தொடங்கி மாசி வரை ஆறு மாதம். ஏக்கர் கணக்கில் பணம், பாதி பயிர் வைக்கும்போது, மீதி அறுப்பில். 90 ஏக்கருக்கு ஏக்கருக்கு 500 ரூபாய் போட்டாலும் 45,000 வரும். மீன் பாசி (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலப் பணத்திலிருந்து இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு ஆள் மனம் ஒப்பி வேலை செய்வார். டார்ச், ரெயின்கோட், ரப்பர் பூட் ஊர்ச் செலவு. மற்ற ஊழியம் எதையும் அவரிடம் சொல்லக்கூடாது என்பதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும்.

மட்டப்பலகை

நீர்க்கட்டி என்ன லாபம் தருவார் என்பதையும் கணக்கில் காட்டலாம். உங்கள் கலுங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கிறதா பாருங்கள். அந்தக் கற்களுக்கு இடையில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் ஒரு அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். 60 ஏக்கரில் ஒரு அடி என்றால் 60 ஏக்கர்-அடி, இருபது ஏக்கர் நெல். நாலாயிரத்துச் சொச்சம் லோடு மண் எடுத்துக் கிடைப்பதைப்போல் ஆறு மடங்கு, செலவு நாலு கட்டு வைக்கோல்.

ஆனால் எப்போது அடைப்பது? ஐப்பசி, கார்த்திகையில் திறந்தே இருக்கவேண்டும். புயல் மழை அடங்கி, மார்கழி பிறந்தபின் வருகிற கடைசி வரத்தைத்தான் அடைத்துப் பிடிக்கவேண்டும். கார்த்திகையிலேயே ஆசைப்பட்டு அடைத்த ஊர்களில்தான் கரை உடையும்: ராத்திரி 15 சென்டிமீட்டர் மழை கொட்டும், கலுங்கு அடைபட்டிருக்கும், தண்ணீர் கரையின் தாழ்ந்த இடத்தில் ஏறி வழியும். மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் ஒரு மணி நேரம் தாங்குமா என்பதே சந்தேகம். அடைப்பு வெள்ளத்தில் தானே அடித்துப்போகிற மாதிரிதான் இருக்கவேண்டும். சிமெண்ட் வைத்துப் பூசி நிரந்தரமாக உயர்த்துவது குற்றம் மட்டுமில்லை, கரைக்கே ஆபத்து.

பட்டயம்

அதோடு உள்வாய்ப் பட்டாக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலுங்கு உயர்ந்தால் அவர்கள் நிலம் முங்கும். குத்துக்கல் அடைப்பு வழக்கத்தில் இருந்ததா என்பதை மேல்பக்க நிலத்துப் பெரியவர்களும் ஒப்புக்கொண்டால்தான் செய்யவேண்டும். இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போகும். மாறாக, முழு மட்டத்துக்குள் யாராவது பயிர் வைத்துக்கொண்டு கலுங்குக் கல்லைப் பெயர்த்திருந்தால் அது வேறு வழக்கு. 2007-ன் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் பொதுப்பணித்துறைக் கண்மாய்களுக்கானது. ஒன்றியக் கண்மாய்க்கு வருவாய்த்துறை வழியாக, 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில்தான் போகவேண்டும். மனு எழுதும்போது இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால் "எங்களைச் சேர்ந்ததல்ல" என்று திரும்பி வரும்.

கரைமேடு

கரை பற்றி நான் சேர்க்கிறேன்.

சீமைக்கருவேலத்தை உள்வாயில் எடுப்பது வேறு, கரையில் எடுப்பது வேறு. உள்வாயில் வெட்டினால் துளிர்க்கும், தூரோடு, தரைக்குக் கீழ் ஒரு அடி வரை தோண்டி எடுத்தால்தான் சாகும். கரிமூட்டக்காரர்களிடம் விட்டால் விறகுக்கு வெட்டிக்கொண்டு தூரை விட்டுவிடுவார்கள், மூன்று வருஷத்தில் மறு வெட்டு அவர்களுக்குத்தானே. ஏல ஒப்பந்தத்திலேயே "தூருடன்" என்று எழுதுங்கள். காய் தின்ற ஆடுமாடு சாணத்தில் விதை பரப்பும். முதல் இரண்டு மழைக்குப் பின் முளைக்கும் கன்றை ஈர மண்ணில் கையால் பிடுங்கிவிட்டால் போதும்.

கரையில் ஜேசிபி வைத்து மரத்தைப் பிடுங்கினால் ஆள் ஆழம் குழி விழும். குழியை அப்படியே மண் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். அந்த இடத்தில் அடுத்த வெள்ளத்தில் ஊற்றுக் கிளம்பும். குழியைப் படிக்கட்டு போல் அகலப்படுத்தி, பழைய வேரை எடுத்து, 9 இஞ்ச் கனத்துக்கு மண் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து இடித்து ஏற்றவேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க, மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. தூளானால் ஈரம் போதாது, சப்பையானால் அதிகம். பெரிய மரம், கரையின் மேல்சரிவில் நிற்கிறது, நேரமும் பணமும் இல்லை என்றால், தரையோடு அறுத்துத் துளிரை மட்டும் கிள்ளிக்கொண்டு வாருங்கள், அந்த வருஷம் பிடுங்காதீர்கள். பனை மட்டும் தொடவேண்டாம், சல்லிவேர் கரையைப் பிடித்துக்கொள்ளும்.

கரிசல் மண் கரையென்றால் சித்திரை, வைகாசியில் கை நுழைகிற வெடிப்பு விழும். முதல் மழைத் தண்ணீர் வெடிப்பில் இறங்கி வெளிச்சரிவு அப்படியே வழுக்கும். கரை மேல் ஒரு அடி கிராவல் போட்டால் வெடிப்பு விழாது, வண்டியும் போகும்.

வெள்ள நேரத்தில் வெளிப்பக்கம் ஊற்று அடித்தால் எல்லாரும் செய்கிற தப்பு, அந்தத் துளையில் மூட்டையைத் திணிப்பது. உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும், பக்கத்தில் இன்னொரு துளையைத் தேடும். முதலில் தண்ணீரின் நிறம் பாருங்கள். தெளிவாக வந்தால் காவல் போட்டு விட்டுவிடலாம். கலங்கலாக வந்தால் கரை மண் உள்ளிருந்து கரைந்து வருகிறது. ஊற்றைச் சுற்றிக் கிணறு மாதிரி மணல்மூட்டை வட்டம் கட்டுங்கள், உள்ளே அரை அடி ஆற்றுமணல், மேலே அரை அடி முக்கால் இஞ்ச் ஜல்லி. வட்டத்துக்குள் தண்ணீர் மட்டம் ஏற ஏற வேகம் குறைந்து தெளியும், தெளிந்த பிறகு வழிய விடுங்கள். உள்பக்கத் துளையைக் கண்டுபிடிக்க நீர்மேல் உமியைத் தூவுங்கள், சுழித்து இறங்கும் இடம் அதுதான். அங்கே தார்ப்பாயை விரித்து மூட்டையால் அழுத்துங்கள். அதுக்கும் அடங்காவிட்டால் கலுங்கு அடைப்பை எடுத்து மட்டத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

ஏந்தல்வாசி

நடு மடைக்கு மேலே கரையில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. மாட்டு வண்டித் தடம் என்று நினைத்திருந்தோம்.

மட்டப்பலகை

வண்டித் தடமாக இருந்தால் நீளவாக்கில் இருக்கும். மடை வரிசைக்கு நேர்மேலே குறுக்குவாக்கில் இருந்தால், கீழே மடைத் தண்ணீர் கரைக்கடியில் போகக் கல்லால் கட்டின சுரங்கக்காலில் இணைப்பு விட்டு, கரை மண் உள்ளே இறங்குகிறது. உங்கள் ஒழுகலும் அங்கேயே இருக்கலாம். உங்களுடையது பழைய குமிழி மடையா, திருகு ஷட்டரா?

ஏந்தல்வாசி

இரண்டு கல்தூண், நடுவில் ஓட்டைக் குறுக்குக்கல், இரும்புக் கம்பி இறங்கும். பழையதுதான்.

மட்டப்பலகை

அப்படியென்றால் சோதனை எளிது. கம்பியின் அடியில் கூம்பு மரக்கட்டை இருக்கும், அது கீழே தொட்டிக்கல்லின் துளையில் உட்காரவேண்டும். கண்மாய் வற்றியிருக்கும்போது துளையில் சாக்கும் களியும் வைத்து முழுக்க அடையுங்கள், தொட்டியில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். வெளிவாயில் ஒழுகாவிட்டால் குறை கட்டையில்தான். தேய்ந்த கட்டையை மாற்றி, வாய்க்கு ரப்பர் ஒட்டினால் முடிந்தது, சில ஆயிரத்துக்குள் அடங்கும். பிறகு வெளிவாயை அடைத்துச் சுரங்கக்காலில் தண்ணீர் நிரப்பி மட்டம் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் கரையை வெட்டித் திறந்து சுரங்கக்காலை மறுபடி கட்டவேண்டும். அது பெரிய செலவு, ஒன்றிய மதிப்பீட்டில்தான் செய்யமுடியும். அதுவரை அந்த மடையை நிரந்தரமாக மூடிவிட்டு மற்ற இரண்டில் சமாளியுங்கள். தொட்டியில் அடியில் இன்னொரு சின்னத் துளை இருந்தால் அது சேறு வெளியேற. தேவையில்லாத ஓட்டை என்று பூசிவிடாதீர்கள். பழைய மடைகளை "நவீனப்படுத்தி" அதை மூடிய இடத்திலெல்லாம் மடைவாயில் வண்டல் ஏறிக் கிடக்கிறது.

கரம்பை

தண்ணி எவ்வளவு நாளுக்குன்னு கணக்குப் போடுறதுல பயிரையும் சேத்துக்கங்க. கண்மாய் நிறைஞ்ச பிறகு நாத்து விட்டு நடுறவன் மாசி, பங்குனியில தண்ணிக்கு அழுவான். காஞ்ச புழுதியில விதைக்கிற புழுதி விதைப்புதான் இந்த மண்ணுக்கு. கோடை உழவு ரெண்டு சால், ஆவணிக் கடைசி புரட்டாசியில ஏக்கருக்கு 30 கிலோ விதை. விதையை ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல (லிட்டருக்கு 10 கிராம், விதையளவுக்குச் சம அளவு கரைசல்) 16 மணி நேரம் ஊறவச்சு நிழல்ல பழைய ஈரத்துக்கு உலத்தணும். முதல் நாப்பது, நாப்பத்தஞ்சு நாள் மானாவாரியாவே நிக்கும், கண்மாய்ல தண்ணி சேந்ததும் மடை திறந்தா நஞ்சையா மாறிரும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்துல வந்த அண்ணா 4 வறட்சி தாங்கும். பழைய ரகத்துல குழியடிச்சான், சித்திரைக்கார், நொறுங்கன். களை மட்டும் பெரும் தொல்லை, முதல் மாசம் ரெண்டு களை எடுக்கலைன்னா நெல்லைத் தேடணும்.

ஊரே ஒரே வாரத்துல விதைக்கணும். ஒருத்தன் நெல்லு பால் பிடிக்கையில இன்னொருத்தன் அறுப்புக்கு நின்னா மடையைத் திறக்கவும் முடியாது மூடவும் முடியாது.

நாற்றங்கால்

மடையை மூடிவிட்டுக் கண்மாயை ஊற்றுக்கு மட்டும் விடலாம், போர்வெல்லில் பாய்ச்சலாம் என்று சிலர் சொல்வார்கள். சிவகங்கை மேற்கில் பாறை நிலத்துக் கிணறுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். கடலோரம் நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பு, அங்கே மேலே நிற்கும் தண்ணீரைத் தவிர வேறு வழி இல்லை. எந்த ஊரிலிருந்தோ வந்த யோசனையை இங்கே வைக்கும்முன் ஒரு கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்கலாம்.

பிடிமண்

மீன் பாசி ஏலம் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லையே. அது பசலி (வருவாய் ஆண்டு) கணக்கில் போகும். பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும் (2024 ஜூலையில் தொடங்கியது 1434). நெல் அறுப்பு மாசியில், மீன் வளர்ச்சி சித்திரை வரை. ஏலம் எடுத்தவர் கடைசித் தண்ணீரை இறைத்து மீன் பிடிக்கப் பார்ப்பார், மாடு வைத்திருப்பவர்கள் விடமாட்டார்கள். ஏலச் சீட்டில் "மடை அடிமட்டத்துக்குக் கீழ் உள்ள தண்ணீரை இறைக்கக்கூடாது" என்று ஒரு வரி போட்டால் சண்டை இல்லை.

பல ஊரில் கடைசி நாள் மீன்பிடித் திருவிழா. கரையில் வெள்ளைத் துண்டு வீசியதும் சுற்று ஊர்ச் சனம் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளோடு இறங்கும். விராலும் கெளுத்தியும் பிடித்தவருக்கே. ஏலம் விடாமல் இப்படி விட்டால் வருமானம் இல்லை, ஆனால் அடுத்த ஊர்க்காரர்களும் கண்மாய்க்குள் இறங்கிப் போகிற ஒரே நாள் அது. உங்கள் கால்வாயின் முதல் 600 மீட்டர் அந்த ஊருக்குள் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

புரவி எடுப்புக்கும் (மண்குதிரை எடுக்கும் விழா) கண்மாய்க்கும் உள்ள தொடர்பு இதேதான். கரை அய்யனாருக்குக் குதிரை செய்ய ஊர் கூடி, கண்மாயில் ஒரு கைப்பிடி மண் எடுத்து வேளாரிடம் (குயவர்) கொடுப்பார்கள், அதுதான் பிடிமண். அன்றைக்குப் புரவுக்காரர் எல்லாரும் வந்தாகவேண்டும். கண்மாய்க் கணக்கு, வராத கூலி, கரை வேலை எல்லாம் பேசி முடிப்பதும் அன்றைக்கே. தனியாக "நீரைப் பயன்படுத்துவோர் சங்கக் கூட்டம்" என்று நோட்டீஸ் ஒட்டினால் ஒன்பது பேர் வருவார்கள்.

ஏந்தல்வாசி

இதுவரை குறித்துக்கொண்டது: புலப்பட நகல் எடுத்துக் கால்வாயை அளப்பது, ஆடிக்குள் கால்வாய் வெட்டு, நடு மடைச் சோதனை, நீர்க்கட்டி நியமனம், கலுங்குக் கல் பற்றி உள்வாய்க்காரர்களிடம் பேச்சு. கரம்பை வேண்டியவர்கள் சொந்தச் செலவில், மேட்டு உள்வாயில். தூருக்கு ஊர்ப் பணம் இல்லை. கால்வாயை ஜேசிபி வைத்து வெட்டலாமா, நூறு நாள் வேலையில் போடலாமா?

மட்டப்பலகை

600 மீட்டர் அடுத்த ஊர் நீளத்தைக் கையால் வெட்டுங்கள், இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து. மீதியில் ஜேசிபி வைக்கலாம். ஆனால் ஓட்டுநர் கைபோன ஆழம் வெட்டுவார், நடுவில் குழி விழும், முதல் வெள்ளம் அந்தக் குழிகளை நிரப்பவே சரியாகும். 30 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, கண்ணாடிக் குழாய் மட்டம் வைத்துத் தலைப்பிலிருந்து கண்மாய் வரை ஒரே சரிவுக்குக் கயிறு கட்டுங்கள். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம் கிடைத்தால் தாராளம். கயிற்றுக்குக் கீழே ஒரு வாளி மண்கூட எடுக்க விடாதீர்கள்.

கடைமடை

அந்த முளைகளை வேலை முடிந்ததும் பிடுங்கவேண்டாம். நாலைந்து இடத்தில் கல்லாக நட்டுவிட்டால், அடுத்த வருஷம் மேடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நீர்க்கட்டி நின்ற இடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.